டீப் ஃபிரீசர் சாவி யாரிடம்?

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு பூக்கும் பருவத்தில் விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்துக்குள் ஆள் இறங்கிவிடும். ஏற்றிவிட்ட கொடிகளுக்கு இடையே நடந்து, பூ பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் பிடிப்பது குறைவு. நம் மாநில மலரான செங்காந்தள்தான் இது. இதன் விதையில் இருக்கும் கோல்ச்சிசின், யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் கௌட் நோய்க்கு மருந்து. விதையில் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விடுகிறது. ஒரு வருஷம் விலை தூக்கிவிடும், மறு வருஷம் குப்புறத் தள்ளிவிடும். காரணம் கேட்டால் வியாபாரிக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

2020இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்டலியின் ஆய்வுக் குழு ஒரு வேலை செய்தது. செங்காந்தள் தன் உடம்புக்குள் கோல்ச்சிசினை எந்தெந்த மரபணுக்களை வைத்துப் படிப்படியாகச் சமைக்கிறது என்பதைப் பெருமளவு கண்டுபிடித்தது. பிறகு அந்த மரபணுக்களைப் புகையிலை இனச் செடி ஒன்றின் இலைக்குள் செலுத்தி, கோல்ச்சிசினுக்குச் சில படிகள் முந்தைய பொருளை அங்கேயே உண்டாக்கிக் காட்டியது. 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. மூலனூரிலிருந்து பஸ் போகும் தூரத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடம் நடத்தும் கல்லூரிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் இந்த ஆய்வை வகுப்பில் வைத்துப் பேசியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நாளைக்கே கண்வலிக்கிழங்குக்காரர்கள் தலையில் இடி விழும் என்று பயமுறுத்துவது இங்கு நோக்கம் இல்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தாலே போதும். பெர்க்லியில் ஜே கீஸ்லிங்கின் குழு ஈஸ்ட்டுக்குள் மரபணுக்களை வைத்து ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய அமிலத்தைச் சுரக்க வைத்தது. சனோஃபி நிறுவனம் 2013இல் அதைத் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை அதற்குள் இறங்கிவிட்டதால் ஈஸ்ட் மருந்து சந்தையில் திணறிப்போனது. ஆகவே ஆய்வகம் ஜெயித்தால் வயல் தோற்றுவிடும் என்று எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. எது எப்போது நடக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் நம் ஊரில் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆட்கள் இன்று பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள்.

உயிரணுவுக்குள் ஏற்கெனவே நடக்கும் வேலையை ஆராய்வதோடு நிற்காமல், நமக்கு வேண்டிய வேலையைச் செய்யும்படி மரபணுக்களைத் தொகுத்து எழுதிப் பார்ப்பதுதான் செயற்கை உயிரியல். இதில் மாணவர்களைக் கொண்டுவந்த முதல் பெரிய வாசல் ஐஜெம் போட்டி. 2003 ஜனவரியில் எம்ஐடியில் ஒரு மாத வகுப்பாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோடையில் ஐந்து அணிகளோடு போட்டியானது. இப்போது ஆண்டுக்கு முந்நூறு அணிகளுக்கு மேல் வருகின்றன. பாஸ்டனில் நடந்துவந்த இறுதி விழா 2022 முதல் பாரிஸில் நடக்கிறது. சீனாவிலிருந்து மட்டும் ஒரே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட அணிகள் வந்ததுண்டு. இந்தியாவிலிருந்து போகிறவை சிறு கூட்டம்தான், அதிலும் ஐஐடி, ஐசர் போன்ற மத்திய நிறுவனங்களே அதிகம். நம் பக்கத்தில் சென்னை ஐஐடி 2008லிருந்து பலமுறை போயிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி மாணவர்களும் 2016லிருந்து சில ஆண்டுகள் போனார்கள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து அப்படிப் போனதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அணியைப் பதிவு செய்யவே ஐயாயிரம் டாலரை ஒட்டி ஆகிறது, நம் பணத்தில் நான்கு லட்சத்துக்கு மேல். அதற்கு மேல் ஆள் ஆளுக்கு விழா நுழைவுக் கட்டணம், விமானம், விசா, தங்கும் செலவு. ஆய்வுக்கான செலவு இதில் சேரவில்லை. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஐபெக் என்ற பெயரில் உள்நாட்டுப் போட்டி வைத்து, தேர்வான அணிகளுக்கு நிதி கொடுத்து அனுப்பிய காலமும் உண்டு. நல்ல காரியம். ஆனால் அந்த நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவே ஓரளவு ஆய்வகமும் அனுபவமும் கைவசம் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே ஏணி வைத்திருப்பவர்களுக்கு மாடியில் விருந்து நடந்தது.

இந்தக் கதையில் எனக்கு எப்போதும் பிடித்தது 2009ஆம் ஆண்டு பெங்களூர் அணி. அவர்கள் அறிவியல் மாணவர்களே இல்லை. சிருஷ்டி என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்தவர்கள். மழை விழுந்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரக்கிறது. அதற்கான மரபணுவை எடுத்து ஆய்வகத்து ஈ.கோலையில் வைத்து, அது மண்வாசனை வீசும்படி செய்ய முனைந்தார்கள். லட்சம் கோடியில் சில துளிகள் அளவு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும் வாசனை அது. விலை உயர்ந்த கருவி வேண்டாம், மூக்கு போதும். ஓவியம் படிக்கும் பிள்ளைகளால் இது எப்படி முடிந்தது? அதே ஊரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள், சொல்லிக்கொடுத்தார்கள், கருவிகளைத் தொட விட்டார்கள். திறமை எல்லா ஊரிலும் இருக்கும். அப்படிக் கதவைத் திறந்துவிட ஆளிருக்கும் நிறுவனங்கள்தான் எல்லா ஊரிலும் கிடையாது.

சரி, அந்த மாதிரி நிறுவனம் பக்கத்தில் இல்லாத ஒரு கல்லூரிக்குள் போய்ப் பார்ப்போம்.

உயிரித் தொழில்நுட்பப் படிப்பில் 'டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்றொரு செய்முறை உண்டு. அயல் டிஎன்ஏவைப் பாக்டீரியாவுக்குள் நுழைப்பது. செயற்கை உயிரியலின் அரிச்சுவடியே அதுதான். குளிரில் வைத்த பாக்டீரியாவோடு பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏவைக் கலந்து அரைமணி நேரம் ஐஸில் வைக்க வேண்டும். பிறகு 42 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து, உடனே மறுபடி ஐஸுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சூட்டு அதிர்ச்சியில் டிஎன்ஏ உள்ளே போகும். கொஞ்ச நேரம் தேற விட்டு, ஆம்பிசிலின் கலந்த அகார் தட்டில் தேய்த்து இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தால், டிஎன்ஏ வாங்கிக்கொண்ட செல்கள் மட்டும் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்திருந்தால் புற ஊதா விளக்கின் கீழே அந்தப் புள்ளிகள் பச்சையாக மின்னும். முதல் தடவை அதைப் பார்க்கும் மாணவியின் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு மற்றதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

நடைமுறை என்ன? முப்பது பேர் கொண்ட வகுப்புக்கு இரண்டு ட்யூப். லேப் அசிஸ்டென்ட் மீன் மார்க்கெட் ஐஸ் கடையில் வாங்கிவந்த கட்டியை உடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் போடுவார். ஆசிரியர் செய்து காட்டுவார், முன்வரிசையில் நிற்கும் எட்டுப் பேருக்குத் தெரியும். மறுநாள் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை என்றாலும் ரெக்கார்டு நோட்டில் 'வெள்ளை நிறக் காலனிகள் தோன்றின' என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். சீனியர் நோட்டில் அப்படித்தானே இருந்தது. ஏன் முளைக்கவில்லை என்று யோசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. மதிப்பெண்ணோ நோட்டுக்குத்தான். அதனால் அந்த யோசனை வகுப்போடு கலைந்துவிடுகிறது.

இரண்டு ட்யூபோடு நிறுத்திக்கொள்ளும் ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய கணக்கையும் கேட்க வேண்டும். பாக்டீரியா வளர்க்கும் பொடி மும்பையிலிருந்து ஒரு வாரத்தில் வந்துவிடும், உள்நாட்டுச் சரக்கு. டிஎன்ஏவை வெட்டவும் ஒட்டவும் நகலெடுக்கவும் வேண்டிய நொதிகள் அப்படி வருவதில்லை. பலவும் வெளிநாட்டுச் சரக்கு, மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டியவை. உலர் ஐஸில் வைத்து அனுப்பும் பெட்டி விமான நிலையச் சுங்கத்தில் ஒரு காகிதத்துக்காக நான்கு நாள் கிடந்தால், வந்து சேரும்போது ஐஸ் ஆவியாகிப் பெட்டி லேசாகியிருக்கும். குப்பிக்குள் இருக்கும் நொதிக்கு உயிர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனை தோற்ற பிறகுதான் தெரியும், அப்போதும் தப்பு நொதியிலா கையிலா என்று தெரியாது. ஆர்டர் போட்டுப் பொருள் வரும்போது செமஸ்டர் பாதி போயிருக்கும்.

வரியும் தன் பங்குக்கு விளையாடுகிறது. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களின் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீதமாக இருந்த சலுகை ஜிஎஸ்டி, 2022 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்கள் மீதான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 150 சதவீதம் ஆனது. ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் எத்தனால் இறக்குமதி செய்து யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பதற்காக வைத்த பூட்டு அது. விஞ்ஞானிகள் கூக்குரலிட்ட பிறகு சில நாட்களிலேயே பழைய வீதம் திரும்பியது. திருத்திக்கொண்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒரு பெரிய ஆய்வு நிறுவனம் குரல் கொடுத்தால் டெல்லிக்குக் கேட்கும். அரசுக் கலைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறை குரல் கொடுத்தால் அந்தக் கட்டடத்தின் வராந்தா வரைக்கும்தான் கேட்கும்.

இத்தனையும் தாண்டி வந்த நொதிக்குப்பி டீப் ஃபிரீசருக்குள் போகும். ஃபிரீசருக்குப் பூட்டு உண்டு, சாவி துறைத்தலைவரிடம். இதை நாம் கிண்டல் செய்வது சுலபம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர் அவர். காணாமல் போனால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கரண்ட் போய் ஜெனரேட்டர் அலுவலகத்துக்கும் ஹாஸ்டலுக்கும் மட்டும் ஓடினால், ஃபிரீசர் உருகியதற்கும் அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். மாணவன் கையில் கொடுத்துக் கெட்டுப்போவதைவிட, பூட்டி வைத்தே காலாவதியானால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொறுப்பு முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டால் அவர் சாவியை இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வார். சனி, ஞாயிறு விடுமுறை. பாக்டீரியாவுக்கு விடுமுறை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை இன்குபேட்டரில் வைத்த தட்டு திங்கள்கிழமை காலையில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு, பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நம் ஊர் பயோடெக் வகுப்புகளில் பெண் பிள்ளைகளே அதிகம். ஹாஸ்டல் கேட் மாலை ஆறு, ஆறரைக்கு மூடிவிடும். காலை பத்து மணிக்கு வைத்த கல்ச்சர், அளவெடுக்க வேண்டிய பக்குவத்துக்கு ராத்திரி எட்டு மணிக்கு வரும். அப்போது ஆய்வகத்தில் இருப்பவன் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, கேட் மட்டும்தான் மூடியது. வார்டனும் பெற்றோரும் காவலாளியும் சேர்ந்து முடிவெடுத்தால் தீரும் பிரச்சினை இது. இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் மாணவர்களை உள்ளே அழைப்பது நியாயமாகாது. மரபணு மாற்றிய உயிர்களைக் கையாள்வதற்கு 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் இருக்கின்றன. இந்த வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதியும் இருப்பார். வகுப்பறையில் பயன்படுத்தும் ஈ.கோலை கே-12 வகை பலவீனப்பட்டுப்போன ஆய்வகப் பிராணி, மனிதக் குடலில் நிலைத்து வாழத் தெரியாதது. அதைக் கொண்டு செய்யும் எளிய சோதனைகளை விதிகளும் மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவில்தான் வைத்திருக்கின்றன. ஆனாலும் ஆம்பிசிலினை எதிர்த்து வளரும் பாக்டீரியா முளைத்த தட்டை, கழுவு தொட்டியில் பினாயில் ஊற்றிக் கழுவிவிடும் கல்லூரி உண்டு என்பது இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆட்டோக்ளேவ் ரிப்பேர், சர்வீஸ்காரர் வரவில்லை. 121 டிகிரியும் பதினைந்து பவுண்டு அழுத்தமும் தரும் நல்ல பிரஷர் குக்கர் அவசரத்துக்குக் கைகொடுத்திருக்கும். அதைக்கூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குழு அமைக்கக் கல்லூரிகள் தயங்குகின்றன. வெளி நிபுணர் வேண்டும், மருத்துவர் வேண்டும், கூட்டம் நடத்த வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். சின்னக் கல்லூரிக்கு இது யானைக்குத் தீனி போடுகிற கதை. விளைவு, மரபணு மாற்றம் தொடர்பான புராஜெக்டே வேண்டாம், முருங்கை இலைச் சாற்றின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் போதும் என்று முடிவாகிவிடுகிறது. முருங்கை இலை புராஜெக்ட் செய்யாத பயோடெக் மாணவர் தமிழ்நாட்டில் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். மாவட்டத்துக்கு ஒன்றாக, பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ முன்னின்று நடத்தும் பாதுகாப்புக் குழு ஒன்று சுற்றியுள்ள சிறு கல்லூரிகளையும் கவனித்துக்கொள்ளும்படி உயிரித் தொழில்நுட்பத் துறை வழிசெய்ய வேண்டும். அந்தக் குழுவில் விவசாயிகள் தரப்பில் ஒருவரும் உட்கார வேண்டும். 2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்காயை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்ததற்கு முன்னால் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களைக் கேட்டார்கள். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கத்திய கூட்டங்கள் அவை. முடிவு யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. கேட்காமல் செய்தால் இந்த நாட்டில் எந்த மரபணுத் தொழில்நுட்பமும் நிலைக்காது என்பது அப்போதே தெரிந்துபோனது.

ஆசிரியர்கள் பக்கம் திரும்பினால், உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யுஜிசி கணக்கு. அதற்கு மேல் நாக் கமிட்டி கோப்பு, அட்மிஷன் வேலை, தேர்வுப் பணி. அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு இதே நாற்காலி இருக்குமா என்று தெரியாதவர், இரண்டு ஆண்டு ஓடும் மாணவர் ஆய்வுக்கு எப்படிப் பொறுப்பேற்பார்? அந்த வெற்றிடத்தில்தான் 'புராஜெக்ட் சென்டர்' கடைகள் முளைத்தன. பணம் கட்டினால் தலைப்பு, தரவு, பைண்டிங் செய்த அறிக்கை, வைவாவுக்குப் பயிற்சி எல்லாம் சேர்த்துக் கிடைக்கும். மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. ஃபிரீசர் பூட்டியிருக்கும்போது அந்தக் கடை திறந்திருந்தது.

பெற்றோரின் கேள்வி நேரடியானது: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நீட் கிடைக்காமல் பயோடெக்கில் சேர்ந்த பிள்ளையின் வீட்டில் அந்தக் கேள்வி சாப்பாட்டு நேரத்தில் தினமும் வரும். 2024 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை 'பயோ-இ3' என்ற கொள்கையை ஏற்றது. உயிரிப் பொருள் உற்பத்தியைப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு மூன்றோடும் சேர்த்துப் பேசும் கொள்கை. கொள்கை வந்துவிட்டது. நொதித்தொட்டியை இயக்கவும் டிஎன்ஏ வரைபடத்தைத் திருத்தவும் கைப்பழக்கம் உள்ள பட்டதாரிகள் வேண்டும் என்று நிறுவனங்களும் சொல்கின்றன. அந்தக் கைப்பழக்கத்தைக் கல்லூரியில் தர முடியாமல், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுக்கும் செலவை அவர்களே சுமக்கிறார்கள். அந்தச் செலவில் ஒரு பகுதியைக் கல்லூரிக்குள்ளேயே போடுவது அவர்களுக்கும் லாபம்தான். நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவு லாபம் பார்ப்பவர்கள் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட்டாக வேண்டும். பள்ளிக்குப் பெஞ்சு வாங்கித் தந்து போட்டோ எடுப்பது போலவே, மாவட்டத்துக்கு ஒரு மைனஸ் 80 ஃபிரீசரும் அதற்கு ஜெனரேட்டர் இணைப்பும் தந்தாலும் போட்டோ எடுக்கலாம்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியையே எடுத்துக்கொள்வோம். தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது அது. கொதிக்கும் நிலைக்குப் பக்கத்திலும் கெடாத நொதி. அதன் அடிப்படைக் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. அதன் மரபணுவைச் சாதாரண ஈ.கோலைக்குள் வைத்து வளர்த்து, செல்லை உடைத்து, கலவையை 75 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் பெரும்பாலும் வெந்து திரண்டு கீழே போய்விடும், டாக் மட்டும் தெளிவாக மேலே நிற்கும். வாட்டர் பாத்தும் சென்ட்ரிஃபியூஜும் இருக்கும் எந்தக் கல்லூரியிலும் செய்யக்கூடிய காரியம் இது. ஒரு நல்ல கூடத்தில் ஒரு தடவை தயாரித்தால் மாவட்டம் முழுவதற்கும் வகுப்பறைத் தேவைக்கு வரும். தரம் பார்த்து, குப்பியில் தேதி எழுதி, பகிர்ந்து கொடுப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலையையே இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுக்கலாம். கேமரூன் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் இளைஞர்கள் நடத்தும் சமூக ஆய்வகங்களும், ரீக்ளோன் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பும் இந்த வழியில் நடந்து காட்டியிருக்கின்றன. சுங்கத்தில் கிடந்து அவதிப்பட்டவர்கள் கண்டுபிடித்த வழி அது.

இப்படி ஊர் ஊராக அறிவியலைக் கொண்டுபோவது நமக்குப் புதிதும் இல்லை. 1993லிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாவட்டம் மாவட்டமாக நடத்திவந்திருக்கிறது. குளத்துத் தண்ணீர், குப்பை, சாலையோர மரம் என்று பிள்ளைகள் தங்கள் ஊரையே ஆய்வு செய்து, மாவட்டம், மாநிலம், தேசம் என்று மேலே போகிறார்கள். தமிழிலேயே பேசுகிறார்கள். அந்த ஏணி கல்லூரியில் ஏன் அறுந்துபோகிறது? பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் பத்தாயிரம் வரை வந்துவிட்டது. ரோபோ செய்கிறார்கள், முப்பரிமாண அச்சு எடுக்கிறார்கள். உயிரியலுக்கு அதில் இடம் மிகக் குறைவு. உயிருள்ள பாக்டீரியா வேண்டாம் என்று பள்ளி தயங்கினால், செல்லின் சாற்றை மட்டும் உலர்த்தி வைத்து, தண்ணீர் விட்டால் ஒளிரும் செல்லற்ற செட்டுகள் 2018லேயே வந்துவிட்டன. குளிர்பதனம் தேவையில்லை, பையில் போட்டு எடுத்துப் போகலாம். அவற்றை இங்கேயே தயாரிக்க ஒரு பல்கலைக்கழகத் துறை முன்வந்தால் பள்ளிகளின் தயக்கம் பாதி தீரும்.

மாநில அரசு மாவட்டத்துக்கு ஒரு பொது ஆய்வுக்கூடத்தை ஏற்கட்டும். புதுக் கட்டடம் வேண்டாம், ஏதாவது ஒரு பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இரண்டு அறை போதும். அங்கே முழுநேர டெக்னீஷியன் ஒருவருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். கருவி வாங்கிவிட்டு ஆள் போடாமல் விட்டு, கருவி தூசி பிடித்த கதையை இந்த நாடு நிறையப் பார்த்துவிட்டது. சுற்றியுள்ள தனியார் கல்லூரி நிர்வாகங்கள் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா கட்டட்டும். ஆய்வகக் கட்டணம் என்று மாணவர்களிடம் வாங்கும் பணம் அதற்கானதுதான். பல்கலைக்கழகங்கள் ஆசிரியரின் வழிகாட்டும் நேரத்தை வகுப்பு நேரமாகக் கணக்கில் சேர்க்கட்டும். தோற்ற சோதனையை நேர்மையாக எழுதி, காரணம் தேடிய ரெக்கார்டுக்கு முழு மதிப்பெண் உண்டு என்று தேர்வு வாரியம் ஒரு சுற்றறிக்கை விடட்டும். இதில் எந்த ஒன்றை மட்டும் செய்தாலும் நடக்காது. டெக்னீஷியன் இல்லாத ஃபிரீசரும், ஃபிரீசர் இல்லாத டெக்னீஷியனும் நமக்கு ஏற்கெனவே பழக்கம்.

பாரிஸுக்கு அணி போக வேண்டாமா? கட்டாயம் போக வேண்டும். உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்த பத்துப் பிள்ளைகள் ஒரு மாநிலத்துக்குப் பெரிய சொத்து. அந்தப் பத்துப் பேரை ஒரே கல்லூரியிலிருந்து எடுக்காமல், மாவட்டக் கூடங்களில் வேலை செய்தவர்களிடமிருந்து, பல கல்லூரிகள் கலந்த ஒரே தமிழ்நாட்டு அணியாக எடுக்கலாம். செலவை அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதி ஏற்கட்டும். பதிலுக்கு ஒரு நிபந்தனை வைக்கலாம்: திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் ஓராண்டுக்கு, மாதம் இரண்டு சனிக்கிழமை, தங்கள் சொந்த மாவட்டக் கூடத்தில் ஜூனியர்களோடு பெஞ்சில் நிற்க வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் கூடத்தின் சாவி அவர்களிடமே இருக்கட்டும். ரிஜிஸ்டரில் அவர்கள் கையெழுத்தோடு டெக்னீஷியன் கையெழுத்தும் துறைத்தலைவர் கையெழுத்தும் சேர்ந்தே இருக்கட்டும்.